நாற்காலி காலி! நம் பங்கு எங்கே?

அடுப்பு இருக்கிறது, அரிசியும் இருக்கிறது, உலை மட்டும் ஏற்றவில்லை என்றால் வீட்டார் பசி தீருமோ? பல்கலைக் கழகம் இருக்கிறது, பட்டம் பெற்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள், பணியிடம் மட்டும் நிரப்பப்படவில்லை என்றால் பாட்டாளி வீட்டில் விளக்கெரியுமோ?

பழங்காநத்தத்துப் பட்டறைகளிலே பாடுபடும் தோழர்களே! மேற்கே நாகமலை அடிவாரத்தில் நிற்கிறதே மதுரை காமராசர் பல்கலைக் கழகம், அது 1966-இல் தோன்றியது. தமிழறிஞர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் அதன் முதல் துணைவேந்தர். 1978-இல் அது தாங்கிய பெயரோ, பள்ளிப் படிப்பையே முடிக்க இயலாமற் போன ஒரு தலைவரின் பெயர்!

அக்கழகம் பட்ட பாட்டை நாடறியும். நிதி நெருக்கடி வந்தது. ஊதியமும் ஓய்வூதியமும் தாமதமாயின. 2024 மே திங்களில் துணைவேந்தரே பதவி விலகினார். ஓய்வு பெற்றுப் போனவர் பலரின் நாற்காலியில் நிரந்தரமாக ஆள் அமரவில்லை. "நிரப்பாவிட்டால் பணம் மிச்சம்" என்பார்கள். மிச்சமா? யாருடைய இலையில் எடுத்த மிச்சம்?

கணக்கைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு, 1994-ஆம் ஆண்டுச் சட்டம். 200 இடங்கள் கொண்ட சுழற்சியில் பொதுப் போட்டிக்கு 62, பிற்படுத்தப்பட்டோருக்கு 53, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 7, மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு 40, அருந்ததியர் உட்பட ஆதிதிராவிடருக்கு 36, பழங்குடியினருக்கு 2. பேராசிரியர் மட்டுமல்ல, எழுத்தர், ஆய்வுக்கூட உதவியாளர், அலுவலக உதவியாளர் பணிகளுக்கும் முறை உண்டு. ஆனால், ஆளெடுத்தால்தானே சக்கரம் சுழலும்? விளம்பரமே வராவிட்டால் ஒதுக்கீடு ஏட்டிலே உறங்கும்! தொகுப்பூதியம், ஒப்பந்தம், மணிக்கணக்கு என்று பின்வாசலில் ஆள் சேர்த்தால், எந்த முறை யாருக்கு என்று எண்ணிப் பார்ப்பவர் யார்?

இந்த முறை வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1928-இல் அமைச்சர் முத்தையா முதலியார் செயற்படுத்திய வகுப்புவாரி ஆணையின்படி, அரசுப் பணியில் 12 இடத்துக்கு 5 இடம் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு, ஒன்று தாழ்த்தப்பட்டோருக்கு என்று பங்கு வைத்த நாளிலிருந்து வளர்ந்த மரம் இது.

மரத்தை வெட்டாமலே வேரில் வெந்நீர் ஊற்றவும் வழியுண்டு! 2017-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், பல்கலைக் கழகம் முழுவதையும் சேர்த்து எண்ணாமல் துறை துறையாக எண்ணச் சொன்னது. அந்தக் கணக்கில் நாலாவது இடம் வந்தால்தான் பிற்படுத்தப்பட்டோருக்கு. ஏழாவது வந்தால்தான் தாழ்த்தப்பட்டோருக்கு. பதினான்காவது வந்தால்தான் பழங்குடியினருக்கு. மூன்றே ஆசிரியர் உள்ள துறையில் நம் முறை எந்த யுகத்தில் வரும்? நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2019-இல் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்குத் தனிச் சட்டம் வந்து பழைய கணக்கு மீண்டது. கேட்டவர் கேட்டதால் மீண்டது!

நாமும் கேட்போம். 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையிலே இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், ஒரு வெள்ளைத்தாள், முப்பது நாள் கெடு. எந்தப் பணியில் எத்தனை இடம் காலி? எந்நாள் முதல் காலி? சுழற்சிப் பதிவேட்டில் அடுத்த முறை யாருக்கு? இம்மூன்று கேள்வியை எழுதுங்கள். எழுத வராதவருக்குப் படித்த தம்பி எழுதிக் கொடுக்கட்டும்.

இது கெஞ்சல் அல்ல தோழர்களே, பாகப்பிரிவினைக் கணக்கு! காலியாகக் கிடப்பது கழகத்து நாற்காலி அல்ல. நம் பிள்ளையின் இலை!