வானின் காற்றாடி கத்தினால் முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் ஆட்களை ஏற்றிச் செல்வதுதான் என் மாமாவின் தொழில். வான், பழைய டொல்பின் ஹயஸ். கடந்த மாரியில் அதன் புளோவர் கத்தத் தொடங்கியது. முதலில் காலையில் மட்டும், பிறகு நாள் முழுக்க. சத்தம் தாங்காமல் மாமா அதை நிறுத்திவிட்டு ஓடினார்.

ஒருநாள் விடியற்காலை ஆனையிறவில் கொட்டும் மழை. உள்ளே பத்துப் பேரின் மூச்சு. முன்கண்ணாடி முழுக்க ஆவி. மாமா ஒரு கையால் துணியைப் பிடித்துத் துடைத்தபடி ஓட்டினார். எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சம் கண்ணாடியில் பரவியது. சில விநாடிகள் வீதியே தெரியவில்லை. பக்கத்தில் இருந்த எனக்குக் கை நடுங்கியது.

வன்னி வெயிலுக்கு ஹீற்றர் என்னத்துக்கு என்று கேட்பீர்கள். இந்த வானில் முன்பக்க ஹீற்றருக்கும் ஏசிக்கும் ஒரே காற்றாடிதான். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும், அந்தக் காற்றைக் கண்ணாடிக்கு அடிப்பது காற்றாடி. அது நின்றால் மழையில் கண் தெரியாது.

முதலில் காட்டிய கராஜில் மோட்டரை முழுதாக மாற்றச் சொன்னார்கள். 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 இல் திறந்தும், புது வான் எங்களுக்கு எட்டாது. பழையதற்குச் சாமான் வாங்குவதும் லேசில்லை. பரந்தனில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனோம்.

“தம்பி, காசைக் குடுக்க முதல் சத்தத்தைக் கேளும்” என்றார்.

எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி, காற்றாடியை ஒன்றிலிருந்து நான்கு வரை கூட்டினார். சத்தமும் கூடியது. அப்படியானால் கோளாறு காற்றாடியில்தான். எஞ்சின் வேகத்தோடு கூடிக் குறையும் சத்தமென்றால் பெல்ற், ஒல்ரநேற்றர் பக்கம் பார்க்கவேண்டும். சரசர, டிக்டிக் என்றால் உள்ளே இலையோ குப்பையோ. தொடங்கும்போது கீச்சிட்டுச் சூடானதும் அடங்கினால், புஷ் காய்ந்துவிட்டது. உறுமலோடு டாஷ்போர்ட்டும் அதிர்ந்தால் சில்லு வெடித்திருக்கலாம், அல்லது ஒரு பக்கம் அழுக்கு ஏறிப் பாரம் பிசகியிருக்கலாம்.

எங்களுடையதில் சரசரப்பும் கீச்சும் சேர்ந்தே இருந்தன. பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றி, இடப்பக்கச் சாமான் பெட்டியை எடுத்தார். பிளக்கை இழுத்து, மூன்று திருகாணிகளைக் கழற்றியதும் மோட்டர் கையோடு வந்தது. கூடை போன்ற சில்லு நிறைய வேப்பிலை, எலி கடித்த ஸ்பொஞ்சுத் துண்டுகள். பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு இதழாகச் சுத்தம் செய்தார். இதழில் செருகியிருந்த சின்னக் கிளிப்பை நான் குப்பையென்று எடுக்கப்போனேன். “அதைத் தொடாதையும், பாரம் சரிபண்ண வைச்சது” என்று தடுத்தார்.

புஷ்ஷுக்கு இரண்டு சொட்டு எஞ்சின் ஒயில். கூட விட்டால் காபன் தொடும் செப்பில் வடிந்து மோட்டரைக் கெடுக்கும். ஸ்பிரே அடித்தால் சில நாளில் மீண்டும் கீச்சிடும். காபன் நீளமாகவே இருந்ததால் மாற்றவில்லை. பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஏ40 கார்களை ஓட்டிவிட்ட கைகள் அவருடையவை. பற்றரிக் காபனை அராவிப் போட்டதும் உண்டாம்.

போகுமுன் றெசிஸ்ரரையும் காட்டச் சொன்னார். காற்றாடி நான்காம் வேகத்தில் மட்டும் சுற்றினால் பெரும்பாலும் அதுதான் எரிந்திருக்கும். வேகத்தைக் குறைக்கும் அது சூடாகும், காற்றாடியின் காற்றே அதைக் குளிரவைக்கிறது. காய்ந்த இலை அதன்மேல் கிடந்தால் புகையலாம். இறுகிய மோட்டர் கூடுதல் மின்சாரம் இழுக்கும். அப்போது பியூஸ் போனால், பெரிய பியூஸ் போட்டு ஓட்டவே கூடாது. வயர் உருகும். ஆட்கள் நிறைந்த வானில் இதைவிட ஆபத்தான மலிவு வேலை இல்லை.

எல்லாம் ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது. கூலி மட்டும்தான் கொடுத்தோம். வானை வேப்பமரத்தின் கீழ் விடவேண்டாம் என்றும், காற்று உள்ளே போகும் வாய்க்கு நுளம்புவலைக் கம்பித்துண்டு போடும்படியும் சொல்லி அனுப்பினார்.

மாமா இரண்டையும் செய்துவிட்டார். நிழல் போனதில் சீற்று சுடுகிறதென்று மாமிதான் இன்னும் புறுபுறுக்கிறா.