தெருவோரம் யாருக்கு உரியது?

மலேசியாவின் தாமான்களில் வாழ்வோர் நாள்தோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. வரிசை வீட்டின் வாயிலுக்கு எதிரே, வேலிக்கு வெளியே, சாலையின் ஓரத்தில் ஒரு பூந்தொட்டியோ பழைய வாளியோ வைக்கப்பட்டிருக்கும். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கிறார். மாலையில் திரும்பி வந்து காரை நிறுத்துவதற்காக அந்த இடம் காவல் காக்கப்படுகிறது. அயலார் எவரேனும் வாளியை நகர்த்திவிட்டுத் தம் காரை அங்கே நிறுத்திவிட்டால் அன்று மாலை சச்சரவுதான். ஆயின் அந்த இடம் வாளி வைத்தவருடையதா? வேலியோடு அவருடைய மனை முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் உள்ளது பொதுவழி. பொதுவழியில் தடை வைப்பதை 1974ஆம் ஆண்டுத் தெரு, வடிகால், கட்டடச் சட்டம் குற்றம் என்றே கூறுகிறது. இருந்தும் ‘என் வாசல், என் இடம்’ என்ற எண்ணம் மனத்தை விட்டு அகல்வதில்லை. பல்லாண்டு பயன்படுத்திய பொருள் நாளடைவில் உரிமைப் பொருளாகத் தோன்றிவிடுவது மாந்தர் இயல்பு.

இவ்வாறு உரிமையாகத் தோன்றிவிட்ட தெருவோரத்தை, போக்குவரத்து மாற்றத்தின் பொருட்டு நகராண்மை திரும்பக் கேட்டால் என்ன நேரும்? உலகின் பல நகரங்களில் இந்த வழக்கு நடந்துள்ளது. அவற்றுள் கனடா நாட்டின் டொராண்டோ மாநகரில் நடந்தது நன்கு ஆராயத்தக்கது. ஏனெனில் அங்கே வாதம் மட்டும் நடக்கவில்லை, மாற்றத்திற்கு முன்னும் பின்னும் ஆட்களை எண்ணியும் பார்த்தார்கள். ஈழத்தமிழர் பெருந்தொகையாகக் குடியேறியுள்ள நகர் அது. நாம் ‘கார் நிறுத்துமிடம்’ என்று நீட்டிச் சொல்வதை அவர்கள் ‘தரிப்பிடம்’ என்று அழகாகச் சுருக்கிச் சொல்கிறார்கள். அச்சொல்லையே இக்கட்டுரையிலும் கையாளலாம்.

டொராண்டோவில் கிழக்கு மேற்காக நீண்டு செல்லும் பெருந்தெருக்களுள் ஒன்று புளூர் தெரு. அதன் ஒரு பகுதி, பல்கலைக்கழகத்தை ஒட்டியுள்ள அனெக்ஸ் என்னும் குடியிருப்பின் ஊடே செல்கிறது. இரு மருங்கிலும் இரண்டு மூன்று அடுக்குக் கடைவீடுகள். கீழே கடை, மேலே குடியிருப்பு. நம் நாட்டுப் பழைய பட்டணங்களை நினைவூட்டும் அமைப்புத்தான்; ஐந்தடி மட்டும் இல்லை. அத்தெருவில் 1966ஆம் ஆண்டு வரை டிராம் வண்டி ஓடிற்று. அவ்வாண்டு பிப்ரவரியில் நிலத்தடி ரயில் திறக்கப்பட்டதும் டிராம் எடுக்கப்பட்டது. இந்த ரயில் பாதையை அனெக்ஸ் பகுதியில் தெருவுக்கு நேர் கீழே அமைக்கவில்லை. தெருவுக்குச் சற்று வடக்கே வீடுகளை இடித்து, மேலிருந்து தோண்டி, பாதை கட்டியபின் மூடினார்கள். மூடிய நிலத்தின் மேல் சிறு பூங்காக்களும் நகராண்மையின் கார் தரிப்பிடங்களும் தோன்றின. கடைகளின் முதுகுப்புறத்தில் இப்படி ஒரு தரிப்பிடத் தொடர் இருப்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வழக்கில் இது முக்கியமான சாட்சியாக நிற்கிறது.

டிராம் போன பின் தெரு முழுவதும் மோட்டார் வண்டிக்கு உரியதாயிற்று. போக இரண்டும் வர இரண்டுமாகத் தடங்கள். நெருக்கடி இல்லாத நேரங்களில் இரு ஓரங்களிலும் கார்கள் நின்றன. மிதிவண்டியில் செல்வோர் நிற்கும் காருக்கும் ஓடும் காருக்கும் இடையே நுழைந்து செல்ல வேண்டியிருந்தது. நிற்கும் காரின் கதவு திடீரெனத் திறந்தால் அவர்கள் கதி என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அத்தெருவுக்கு மிதிவண்டித் தடம் வேண்டும் என்ற கோரிக்கை பல பத்தாண்டுகளாக எழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் அதனைத் தடுத்தது ஒரே கேள்விதான்: ‘தரிப்பிடம் போய்விட்டால் வாடிக்கையாளர் எப்படி வருவார்?’

இக்கேள்விக்கு விடை காண 2008ஆம் ஆண்டு ஜூலையில் ஓர் ஆய்வு நடந்தது. தூய காற்றுக்காகப் பாடுபடும் அமைப்பொன்று 61 வணிகரையும், கடைக்கு வந்த 538 பேரையும் நேரில் கேட்டு, முடிவை 2009இல் வெளியிட்டது. காரில் வந்தவர் நூற்றுக்குப் பத்துப் பேர் மட்டுமே. ஏனையோர் நடந்தோ, ரயிலிலோ, மிதிவண்டியிலோ வந்தவர்கள். அதுமட்டுமன்று, நடந்தும் மிதிவண்டியிலும் வந்தவர்களே அடிக்கடி வந்தார்கள், மாதக் கணக்கில் பார்த்தால் அதிகப் பணமும் அவர்களே செலவிட்டார்கள். மிக நெருக்கடியான வேளையிலும் கட்டணத் தரிப்பிடங்களுள் நிரம்பியவை நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இல்லை. தெருவில் இழக்கும் இடங்களுக்கு ஈடாகப் பின்புறத் தரிப்பிடங்கள் போதும் என்றும் ஆய்வு கூறிற்று.

வணிகர் தம் வாடிக்கையாளரைப் பற்றியே தவறாக எண்ணுவது எப்படி? இஃது அந்த ஊருக்கு மட்டும் உரிய பிழை அன்று. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2006இல் நடந்த ஆய்வில், வாடிக்கையாளருள் 41 விழுக்காட்டினர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் மதிப்பிட்டார்கள். எண்ணிப் பார்த்தபோது 22 விழுக்காடுதான். கடைக்காரரைப் பொய்யர் என்று சொல்லிவிடக் கூடாது. ‘வண்டி நிறுத்த இடமே கிடைக்கவில்லை’ என்று முறையிடுபவர் காரில் வந்தவர். நடந்து வந்தவர் முறையிட ஏதுமின்றி, வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். முறையீடு காதில் நிற்கிறது. முறையிடாதவர் கணக்கில் விழுவதில்லை. மேலும் பல கடைக்காரர் தாமே காரில் கடைக்கு வருபவர்கள். தம்மைப் போலவே பிறரையும் எண்ணிக்கொள்கிறார்கள். தன் பிள்ளை தமிழ்ப் பள்ளிக்கு நடந்தே வருவதை மறந்து, பள்ளி வாயிலில் காரில் காத்திருக்கும் பெற்றோரே அனைவரும் என்று கருதும் ஆசிரியரின் பிழையும் இதைப் போன்றதுதான்.

நகர மன்றம் 2016ஆம் ஆண்டு மே மாதம் சோதனை முறையில் தடம் அமைக்க இசைந்தது. ஆகஸ்டு மாதம் ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர் நீளத்திற்கு வேலை முடிந்தது. தெருவோரத் தரிப்பிடங்களுள் ஏறத்தாழ 136 நீக்கப்பட்டன. ஆயின் எல்லாவற்றையும் எடுத்துவிடவில்லை. ஒவ்வொரு திசைக்கும் மோட்டார் வண்டிகளுக்கு ஒரு தடம், நடைபாதையை ஒட்டி மிதிவண்டித் தடம், ஏதேனும் ஒரு பக்கத்தில் மட்டும் தரிப்பிடம் என்று அமைத்தார்கள். அந்தத் தரிப்பிடமும் மிதிவண்டித் தடத்திற்கும் ஓடும் வண்டிகளுக்கும் நடுவில் வைக்கப்பட்டது. இதனால், முன்பு மிதிவண்டிக்காரருக்கு இடையூறாக நின்ற கார் இப்போது அவருக்கு அரணாக நின்றது. பொறியாளரின் சிறு தந்திரந்தான். ஆனால் நல்ல தந்திரம்.

எதிர்ப்பு எழாமல் இல்லை. எதிர்த்தோர் அனைவரையும் தன்னலக்காரர் என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. கடைக்குச் சரக்கு இறக்கும் லாரி எங்கே நிற்கும்? நடக்க இயலாத முதியவரை மருத்துவரின் வாசலில் எப்படி இறக்கிவிடுவது? பெருந்தெருவில் இடமில்லாத கார்கள் பக்கத்துச் சிறு தெருக்களில் புகுந்தால், இரவு நிறுத்துவதற்கு நகராண்மையிடம் பணம் கட்டி அனுமதிச் சீட்டு வாங்கிய குடியிருப்போர் எங்கே போவார்கள்? இவையெல்லாம் விடை சொல்லியே ஆக வேண்டிய கேள்விகள். ‘காற்று தூய்மையாகும்’ என்று பதில் சொன்னால், கேட்டவருக்குச் சினம்தான் மூளும். சரக்கு இறக்கும் நேரம், ஊனமுற்றோர் இறங்குமிடம் ஆகியவற்றைத் தெருவுக்குத் தெரு, கடைக்குக் கடை உட்கார்ந்து பேசித்தான் வகுக்க முடியும். இத்தகைய திட்டங்கள் பல ஊர்களில் பகையாக முடிவதற்குக் காரணம் தடத்தின் மேல் உள்ள வெறுப்பன்று; வரைபடம் முடிந்த பிறகு மக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பதே.

ஓராண்டு கழித்து எண்ணிப் பார்த்தார்கள். மிதிவண்டிகளின் தொகை ஏறத்தாழப் பாதியளவு கூடி, வேலை நாள் ஒன்றுக்கு ஐயாயிரத்தைக் கடந்தது. மோதல் மயிரிழையில் தப்பும் நிகழ்ச்சிகள் 44 விழுக்காடு குறைந்தன. கடைகளில் மக்கள் செலவிட்ட பணம் சுற்றுப்புறத்தைவிட விரைவாக வளர்ந்தது. காலிக் கடைகள் பெருகவில்லை. மறுபக்கமும் சொல்ல வேண்டும். காரில் செல்வோரின் பயண நேரம், மாலை நெருக்கடி வேளையில் சில நிமிடம் நீண்டது. விளக்குகளின் நேரத்தைத் திருத்திய பிறகு அந்த நீட்சி குறைந்தது, அடியோடு மறையவில்லை. 2017 நவம்பரில் நகர மன்றம் பெரும்பான்மை வாக்கால் தடத்தை நிலைப்படுத்திற்று.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நன்று. ஆனால் தடம் பிற்பாடு மேற்கே நீண்டுகொண்டே சென்று, 2023, 2024ஆம் ஆண்டுகளில் எடோபிகோ என்னும் புறநகர்ப் பகுதியை அடைந்தது. அங்கே குடியிருப்போரின் எதிர்ப்பு முன்னையதைவிட வலுத்தது. மனுக்களில் பலர் கையெழுத்திட்டார்கள். அனெக்ஸின் கணக்கை எடுத்துக்காட்டி அவர்கள் வாயை அடைத்துவிட முடியாது. அனெக்ஸில் நூற்றுக்குப் பத்துப் பேர்தான் காரில் வந்தார்கள் என்றால், வீடுகள் தள்ளித் தள்ளி அமைந்த புறநகரில் அந்த விகிதம் அதுவாகவே இருக்கும் என்று எப்படிச் சொல்வது? ஒரு வகுப்பில் எடுத்த மதிப்பெண்ணை வேறு வகுப்பின் ஏட்டில் பதியும் ஆசிரியர் இல்லை. ஆதரித்தோர் செய்த தவறு இதுவே. எதிர்த்தோர் செய்த தவறு, புறநகரில் பொருந்தும் தம் குறையைக் கொண்டு, நகரின் நடுவில் உள்ள தடத்தையும் எடுத்துவிட வேண்டும் என்ற முழக்கத்துக்கு இடம் கொடுத்தது.

அந்த முழக்கம் ஒன்டாரியோ மாகாண அரசின் செவிக்கு எட்டிற்று. 2024 நவம்பரில் மாகாணம் ஒரு சட்டம் இயற்றிற்று. மோட்டார் வண்டித் தடத்தைக் குறைத்து மிதிவண்டித் தடம் அமைக்க வேண்டுமானால் இனி மாகாணத்தின் அனுமதி வேண்டும். புளூர், யங், பல்கலைக்கழக நிழற்சாலை ஆகிய மூன்றிலும் உள்ள தடங்கள் நீக்கப்படும் என்பன அதன் விதிகள். தரிப்பிடத்தில் தொடங்கிய சண்டை இப்போது ‘நெரிசல்’ என்ற பெயரில் நடந்தது. அதே ஆண்டு ஜூலையில்தான் புளூர் தெருவில், கட்டட வேலைக் குப்பைத் தொட்டி மிதிவண்டித் தடத்தை அடைத்திருந்த இடத்தில், ஒரு பெண் லாரியில் அடிபட்டு இறந்திருந்தார். தடம் சில அடி தூரத்துக்கு இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதை ஊர் கண்டிருந்தது.

மிதிவண்டிச் சங்கத்தார் வழக்குத் தொடுத்தார்கள். 2025 ஜூலை 30ஆம் நாள் ஒன்டாரியோ உயர்மன்றம் தீர்ப்பளித்தது. ‘மிதிவண்டித் தடம் பெறுவது குடிமக்களின் உரிமை’ என்று அத்தீர்ப்பு கூறியதாகச் சிலர் எழுதினார்கள், அது சரியன்று. இருக்கும் பாதுகாப்பை, நெரிசல் குறையும் என்பதற்குச் சான்று இல்லாத நிலையில் அரசு எடுத்துவிடுமானால், அது மக்களின் உயிரையும் உடலையும் காரணமின்றி இடருக்கு உள்ளாக்குவதாகும். அஃது அரசியல் சாசனத்தின் ஏழாம் பிரிவுக்கு முரண் என்பதே தீர்ப்பின் சாரம். அரசு தானே கேட்டுப் பெற்ற பொறியியல் அறிக்கையும் பாதுகாப்புக் குறையும் என எச்சரித்திருந்தமை வழக்கில் வெளிவந்தது. மாகாண அரசு மேல்முறையீடு செய்யப்போவதாக அறிவித்தது.

வழக்கு மன்றம் ஏறிய பிறகு தரிப்பிடத்தைப் பற்றிப் பேசுவோர் குறைந்துவிட்டார்கள். அனெக்ஸ் கடைகளின் பின்னால், ரயில் பாதையின் கூரைமேல் உள்ள நகராண்மைத் தரிப்பிடங்களில் கார்கள் முன்போலவே வந்து நின்று செல்கின்றன.