கடல் எங்கே போயிற்று, வாத்தியார்?

சரித்திரப் பாடம் என்றதும் நம் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வருகிறது. ஏன் வராது? பானிப்பட்டில் எத்தனை சண்டை, எந்தெந்த ஆண்டு, யார் வென்றான், யார் தோற்றான். ஒன்பதாம் வகுப்பில் உருப்போடு, பத்தாம் வகுப்பில் ஒப்பித்துக் கொட்டு, பதினொன்றில் மறந்துபோ! இப்படி நடத்திவிட்டு, ‘தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது’ என்று சொல்லும் மேதாவிகளும் இருக்கிறார்கள். நாம் அதை ஒப்பமாட்டோம். ஏறாத பொருள் எது என்பதைப் பாடத்தில் தேட வேண்டும். பிள்ளையின் மண்டையில் தேடக் கூடாது.

இது எந்தச் சீமை? தூத்துக்குடிச் சீமை! காலடி மண்ணைக் கிளறினால் சங்கும் சிப்பியும் மட்டுமா கிடைக்கும்? ஈராயிரம் ஆண்டு உழைப்பின் கதை கிடைக்கும். முத்துக் குளித்தவன், தோணி ஓட்டியவன், உப்பு வாரியவன், பஞ்சாலையில் நூல் நூற்றவன் ஆகியோரின் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், சரித்திரம் எங்கோ டில்லிக் கோட்டையில் மட்டும் நடந்ததுபோல் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை தூங்காமல் என்ன செய்வான்?

பாடத்தைத் திட்டமிடும் முறையை மாற்றிப் பார்க்கலாம். ஆண்டையும் பெயரையும் முதலில் திணிக்காமல், ஒரு பாடத்துக்கு ஒரு கேள்வி என்று வையுங்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடப் போகிற வழியில் ஆண்டும் பெயரும் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

முதல் பாடத்தை வகுப்பறைக்கு வெளியே நடத்தலாம். பிள்ளைகளை ஒருநாள் கொற்கைக்கு அழைத்துப் போகட்டும். பாண்டியனின் பெருந்துறைமுகம் என்று புத்தகம் சொல்லும் ஊர். அங்கே போய் நின்றால் வயலும் குளமும் தெரியும், கடல் தெரியாது. கடல் சில மைல் தள்ளிக் கிடக்கிறது! வாத்தியார் பிரசங்கம் செய்ய வேண்டாம். ‘கடல் எங்கே போயிற்று?’ என்று ஒரே கேள்வி கேட்கட்டும். தாமிரபரணி வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டிக் கரை முன்னேறிய கதை அப்போது பேசப்படும். கொற்கை தூர்ந்ததும் காயல் எழுந்தது. 13-ஆம் நூற்றாண்டின் முடிவில் மார்க்கோ போலோ வந்து பார்த்து வியந்த பட்டினம் அது. அதுவும் தூர்ந்தது, தூத்துக்குடி எழுந்தது. ஓர் ஆறு மூன்று துறைமுகங்களின் தலையெழுத்தை எழுதியிருக்கிறது. துறைமுகத்தில் வேலை பார்ப்பவர் வீட்டுப் பிள்ளை இதைக் கேட்டால் சும்மா இருப்பானா? ‘எங்க அய்யாவும் சொல்வாங்க, இப்பவும் மண் வாருறாங்க’ என்பான். அந்த ஒரு வாக்கியத்தில் பாண்டியன் காலமும் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட 1974-ஆம் ஆண்டும் கைகோத்துக்கொள்ளும்.

அடுத்தது முத்து. ‘முத்துநகர்’ என்று ரயிலுக்குக்கூடப் பெயர் வைத்துவிட்டோம்; முத்தெடுத்தவன் கதையை வைத்தோமா? முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஒரு கடல்வழிக் கையேடு, கொற்கைப் பக்கம் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது. ராணியின் கழுத்தில் மின்னியதை எடுத்தவன் கைதி! மார்க்கோ போலோ இன்னொரு கணக்குத் தருகிறார். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சுறா கடிக்காமல் மந்திரம் போடுகிறவனுக்கு இருபதில் ஒரு பங்கு. இந்தக் கரையில் ‘கடல்கட்டி’ என்று பெயர் பெற்றவர் அந்த மந்திரக்காரர். அவர் இல்லாமல் கடலில் இறங்க மாட்டோம் என்று குளிகாரர்கள் வெள்ளையர் காலத்திலும் உறுதியாக நின்றார்கள். வெள்ளைச் சர்க்கார் நடத்திய குளிப்பில் சிப்பியை மூன்று குவியலாகப் பிரித்து, இரண்டைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு ஒன்றைக் குளிகாரருக்குத் தந்தது.

இதைக் கரும்பலகையில் எழுதிப் போடட்டும். நூறு சிப்பி என்றால் யாருக்கு எத்தனை? பாண்டியன் காலத்தில் அரசன் எடுத்தது போக மீதி முழுவதும் மூழ்கியவனுக்கா போயிற்று? இல்லை, தோணி பிடித்த வணிகனுக்குப் போயிற்று, மூழ்கியவனுக்குக் கூலி. அப்படியானால் எந்தக் காலம் மேல்? பிள்ளைகள் சண்டை போடட்டும். மூச்சடக்கிக் கல்லோடு இறங்கியவனுக்கும் கரையில் குடை பிடித்து நின்றவனுக்கும் பங்கு பிரிந்த விதத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிள்ளை, பிறகு எந்தப் பேரரசின் கதையைப் படித்தாலும் ‘பங்கு யாருக்கு?’ என்று கேட்பான். 1961-க்குப் பிறகு இந்தக் கரையில் பழைய முறை முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆகவே கடைசிக் குளிப்பைக் கண்ட முதியவர்கள் இனி மிகச் சிலரே இருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளை நோட்டுப் புத்தகத்தோடு அனுப்ப வேண்டாமா?

இனி கப்பல். வ.உ.சி. பாடநூலில் இல்லாமல் இல்லை. ஆனால் எப்படி இருக்கிறார்? கப்பல் ஓட்டினார், செக்கிழுத்தார், ஐந்து மதிப்பெண். 1906 அக்டோபரில் பதிவான சுதேசி நாவாய்ச் சங்கத்தின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. வெள்ளைக் கம்பெனி என்ன செய்தது? கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கப்பல் எட்டணா என்றது. (ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும், இல்லையேல் பாடம் அங்கேயே கவிழும்.) உடனே வெள்ளைக்காரன் ‘இலவசமாக ஏறு, குடையும் தருகிறேன்’ என்றான்!

பாடம் இங்கேதான். வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ‘நீ கொழும்புக்குப் பிழைக்கப் போகும் ஏழை. கையில் காசு கொஞ்சம். ஒரு கப்பலில் கூலி கேட்கிறார்கள். இன்னொன்றில் குடை கொடுக்கிறார்கள். எதில் ஏறுவாய்?’ குடைக் கப்பலில் ஏறுவேன் என்று சொல்லும் பிள்ளையைத் துரோகி என்று அதட்டக் கூடாது. அவன் உண்மை பேசுகிறான். அவன் வயிற்றுக்கும் பதில் சொல்லித்தான் வ.உ.சி. கப்பல் விட வேண்டியிருந்தது. நாட்டுப் பற்றுக்கும் ஒரு சாண் வயிற்றுக்கும் நடந்த அந்தப் போராட்டத்தைப் பிள்ளை உணர்ந்தால், 1911-இல் சங்கம் ஏன் கலைந்தது என்பதை யாரும் எழுதிப்போட வேண்டியதில்லை. இன்று மலிவு காட்டிச் சிறு கடைகளை விழுங்கும் கம்பெனிகளைப் பற்றியும் அவனே பேசுவான்.

நமக்கு மிக நெருக்கமான பாடம் கோரல் ஆலை. ஹார்வி கம்பெனியின் அந்தப் பஞ்சாலையில் 1908 பிப்ரவரி 27 அன்று தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வு, வார விடுமுறை, வேலை நேரக் குறைப்பு: கேட்டது இவ்வளவுதான். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். ஊர் பணமும் அரிசியும் கொடுத்தது. ஆலைத் துரைகளின் பக்கம் பேசியவருக்குச் சவரம் செய்ய மறுத்து, பாதியில் கத்தியை மடித்து எழுந்த தொழிலாளியின் கதையை ஊர் இன்னும் சொல்கிறது. ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. கல்கத்தாவின் ‘வந்தே மாதரம்’ ஏடு அந்த வெற்றியைப் பாராட்டி எழுதியது.

‘ஞாயிற்றுக்கிழமையை யார் கொடுத்தார்கள்?’ இந்தக் கேள்வியோடு பாடத்தைத் தொடங்குங்கள். சூரியன் கொடுத்தது என்பான் ஒருவன், காலண்டர் என்பான் இன்னொருவன். கடைசிப் பெஞ்சில், ஒப்பந்தக் கூலிக்குப் போகிறவரின் மகள் எழுந்து, ‘எங்க அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது, சார்’ என்பாள். அந்த நிமிடம் வகுப்பில் யாருக்கும் தூக்கம் வராது.

மார்ச் 12-இல் தலைவர்கள் கைதானார்கள். மறுநாள் நெல்லை கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தூத்துக்குடியில் கோரல் ஆலைத் தொழிலாளர் மீண்டும் வெளியேறினர். இம்முறை கூலிக்காக இல்லை, தலைவர்களுக்காக. திலகருக்காகப் பம்பாய்த் தொழிலாளர் எழுந்தது அதே ஆண்டு ஜூலையில். தூத்துக்குடி நான்கு மாதம் முந்திக்கொண்டது! வ.உ.சி.க்கு இரட்டைத் தீவாந்தரம் விதித்த தீர்ப்பைப் புத்தகம் சொல்கிறது. அந்த நால்வரைப் பற்றி? ஆ. இரா. வேங்கடாசலபதி 1908 எழுச்சியைப் பற்றி எழுதிய நூலுக்கு 2024-ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது கிடைத்திருக்கிறது. அந்நூல் எல்லா உயர்நிலைப் பள்ளி நூலகங்களிலும் இருக்கிறதா என்று நாம் கேட்கிறோம்.

இப்பாடம் நடக்கும்போது பிள்ளை இன்னொன்றும் கேட்பான்: 2018 மே 22. ஆலைப் புகைக்கு எதிராகக் கலெக்டர் ஆபீசுக்கு நடந்த ஊர்வலம், துப்பாக்கிச் சூடு, பதின்மூன்று சாவு. வாத்தியார் பயந்து பேச்சை மாற்றக் கூடாது. ‘அன்று யார் சுட உத்தரவிட்டது, எந்த விசாரணை நடந்தது, எந்த ஏடு என்ன எழுதியது, 1908-இல் எப்படி?’ என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழக்கினால் போதும். தீர்ப்பைப் பிள்ளையே எழுதிக்கொள்வான்.

வாத்தியார்கள் பாவம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பட்டியல் தயாரிக்கவும், கணக்கு அனுப்பவும், தேர்தல் வேலை பார்க்கவும் அவர்களுக்குப் பொழுது சரியாக இருக்கிறது. பரீட்சை தலைக்கு மேல் கத்தியாகத் தொங்குகிறது. நாம் சொல்லும் முறைக்கு ஆண்டில் ஐந்தாறு பிரிவேளை போதும். ஆனால் அதற்கும் துணை வேண்டும். அந்தத் துணையைச் சங்கங்கள் தரலாம். அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது; அதில் பெரும்பான்மை பெற்றோர்தான். நம் தோழர்கள் எத்தனை பேர் அந்தக் கூட்டத்துக்குப் போகிறோம்? கூரை ஒழுகுகிறது, குடிநீர் இல்லை என்று பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். கொற்கைக்கு ஒரு பஸ் வேண்டும் என்று பேசினோமா?

செப்டம்பர் 5 வருகிறது. ஆசிரியர் தினம், வ.உ.சி. பிறந்த நாளும் அதுவே. வழக்கம்போல் சிலைக்கு மாலை உண்டு. அது முடிந்து பத்து மணிக்கு, ஒவ்வொரு கிளையும் ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி ஒருவரையும் உப்பளத் தொழிலாளி ஒருவரையும் பக்கத்துப் பள்ளிக்குத் தலைமையாசிரியரின் அனுமதியோடு அனுப்பட்டும். பிரசங்கக் குறிப்பு எதுவும் வேண்டாம். பழைய கூலிச் சீட்டு இருந்தால் எடுத்துப் போகட்டும், மூட்டை தூக்கிய கொக்கி இருந்தால் அதையும். கேள்வியைப் பிள்ளைகள் கேட்பார்கள்.