மன்றமும் ஒரு முதலாளியே
பருவகால வாகனமோட்டியை அமர்த்துமுன் அறிய வேண்டியவை

தோட்டங்களில் விளையாட்டு மன்றங்களும் இளைஞர் மன்றங்களும் ஆற்றிவரும் நற்பணிகளை நாம் நன்கறிவோம். காற்பந்துப் போட்டிகள் தொடங்கிவிட்டால் வாரந்தோறும் வெவ்வேறு திடல்களுக்குச் செல்ல வேண்டியிருக்கும். மன்றத்திற்கு வேன் இருந்தாலும் அதனை ஓட்ட ஆள் வேண்டுமல்லவா? அவ்வேளையில் செயலவையினர் பழக்கமான இளைஞர் ஒருவரை அழைத்து, “மூன்று மாதம் ஓட்டிக் கொடு தம்பி, ஏதாவது பார்த்துக் கொடுத்துவிடுகிறோம்” என்று கூறிவிடுகின்றனர்.

அந்த ‘ஏதாவது’ என்ற சொல்லில்தான் தொல்லை தொடங்குகிறது. பால்மரம் வெட்டும் தொழிலாளர்களாகிய நாம் நிருவாகத்திடம் நமது உரிமைகளைக் கேட்டுப் பழகியவர்கள். ஆனால், மன்றத்தின் பெயரால் ஒருவரைச் சம்பளத்திற்கு அமர்த்தும்போது நாமே முதலாளியாகிறோம் என்பதை மறந்துவிடலாகாது.

வாய்ச்சொல்லும் ஒப்பந்தமே

தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் நடப்பிலுள்ள 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, வேலை ஒப்பந்தம் எழுத்திலும் இருக்கலாம், வாய்மொழியாகவும் இருக்கலாம். ஆகவே, தாளில் எழுதவில்லை என்பதனால் அந்த இளைஞர் தொழிலாளி அல்லர் என்று கூறிவிட முடியாது. 2023 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த திருத்தம் இதனை மேலும் தெளிவாக்கியுள்ளது. வேலை நேரத்தையும் வேலை செய்யும் முறையையும் ஒருவர் கட்டுப்படுத்துவது, வேலைக்கான கருவியைக் கொடுப்பது போன்ற அடையாளங்கள் இருப்பின், எழுத்துமூல ஒப்பந்தம் இல்லாத போதும், சட்டமீறல் வழக்கில் அவர் முதலாளி என்றே கொள்ளப்படுவார். அல்ல என்பதை மறுப்பவரே மெய்ப்பிக்க வேண்டும். மன்றத்தின் வேனை, மன்றம் குறிக்கும் நேரத்தில் ஓட்டுபவரின் நிலையை இதனுடன் ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும்.

மன்ற உறுப்பினர் ஒருவர் ஊதியமின்றி விருப்பத்துடன் ஓட்டுவது வேறு. தமது சொந்த வேனைக் கொண்டு நடைக்கு இவ்வளவு என வாடகை பேசித் தொழில் செய்பவரும் வேறு. இவ்வேறுபாட்டை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நலம்.

வேலைக்காலம் ஒரு மாதத்திற்கு மேற்படுமானால் ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. ஒப்பந்தத்தை எவ்வாறு முடித்துக்கொள்ளலாம் என்பதும் அதில் எழுதப்பட வேண்டும். தொடங்கும் நாள், முடியும் நாள், வேலை நேரம், சம்பளம் ஆகியவற்றைக் குறித்து இரு தரப்பினரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளலாம். இதற்கு ஒரு பக்கத் தாளே போதும்.

காத்திருப்பதும் வேலையே

பலரும் தவறாகக் கருதும் செய்தி ஒன்றுண்டு. வேன் ஓடும் நேரம் மட்டுமே வேலை நேரம் என்பதே அது. தொழிலாளி தமது விருப்பம்போல் செல்லவோ நேரத்தைக் கழிக்கவோ இயலாமல் முதலாளியின் ஏவலுக்கு உட்பட்டிருக்கும் நேரம் முழுவதும் வேலை நேரமே என்று சட்டம் விளக்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். வேன் பகல் 1.00 மணிக்குப் புறப்பட்டு இரவு 7.30 மணிக்குத் திரும்புகிறது. வேனை விட்டு அகலாமல் இருக்குமாறு வாகனமோட்டிக்குச் சொல்லப்படுகிறது. இடையில் அரை மணி நேரம் மட்டும் அவருக்கு முழு ஓய்வு. ஓட்டியது இரண்டு மணி நேரமே எனினும் வேலை நேரம் ஆறு மணியாகும். 2025 ஆகஸ்டு 1 முதல் எல்லா முதலாளிகளுக்கும் உரியதாகிவிட்ட குறைந்தபட்சச் சம்பளம் மாதத்திற்கு 1,700 வெள்ளி. மணிக்கு 8 வெள்ளி 72 காசு. இக்கணக்கின்படி அன்றைய ஊதியம் 52 வெள்ளி 32 காசுக்குக் குறைதல் ஆகாது. சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் அதனைக் கொடுத்துவிட வேண்டும். “கோப்பையை வென்றதும் தருகிறோம்” என்பது சட்டத்தின்முன் செல்லாது.

வேனில் கீறல் விழுந்துவிட்டது; பழுதுபார்க்கும் செலவைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாமா? கூடாது. சட்டம் அனுமதிக்கும் பிடித்தங்கள் சிலவே. அவற்றுக்கு அப்பாற்பட்டதைப் பிடிப்பதற்கு முன் தொழிலாளர் இலாகாவை அணுக வேண்டும்.

சேமநிதியும் சொக்சோவும்

குறுகிய காலத்திற்கு அமர்த்தப்பட்டவருக்கும் ஊழியர் சேமநிதி உண்டு. 60 வயதுக்குட்பட்ட மலேசியரின் மாதச் சம்பளம் 5,000 வெள்ளிக்கு மேற்படாதபோது, நூற்றுக்கு 11 தொழிலாளியின் பங்கு; 13 முதலாளியின் பங்கு. அடுத்த மாதம் 15ஆம் நாளுக்குள் இதனைச் செலுத்த வேண்டும்.

சாலையில் ஓடும் வேலையில் விபத்து எந்நேரமும் நேரலாம். நாளை அந்த இளைஞர் கைகால் முடங்கிப் படுத்துவிட்டால், அவர் குடும்பத்தின் அடுப்பு எரிவது எவ்வாறு? மன்றத்தின் உண்டியலில் உள்ள சில நூறு வெள்ளி எத்தனை நாளைக்குப் போதும்? ஆகையால், அவர் வேனின் சாவியைக் கையில் எடுக்கும் முன்னரே, வேலையின் தன்மையைச் சொக்சோ அலுவலகத்தில் எடுத்துக்கூறிப் பதிவு பற்றிக் கேட்டறிதல் வேண்டும். அவரது ஓட்டுநர் உரிமம் அவ்வகை வாகனத்திற்கு உரியதா, வேனின் காப்புறுதி நடப்பில் உள்ளதா என்பனவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பருவம் முடிந்தபின்

ஒப்பந்தத்தில் குறித்த நாள் வந்ததும் வேலை தானே முடிவுறும். இடையில் நிறுத்துவதாயின் ஒப்பந்தத்தில் கண்டபடி முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதில் ஒன்றும் குறிக்கப்படாவிடில், இரண்டாண்டுக்கு உட்பட்ட சேவைக்கு நான்கு வார அறிவிப்பு எனச் சட்டம் வகுத்துள்ளது. இது இரு தரப்புக்கும் பொது. வேலை இடையறாது தொடர, ஒப்பந்தத்தை மட்டும் திரும்பத் திரும்பப் புதுப்பித்துத் ‘தற்காலிகம்’ என்று பெயரிடுவதும் சரியன்று. பெயரைப் பாராமல் உண்மை நிலையையே பார்க்க வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்துள்ளது.

ஐயம் எழுந்தால் மன்றச் செயலாளர்கள் அருகிலுள்ள தொழிலாளர் இலாகாவில் விளக்கம் பெறலாம். சம்பளம் கிடைக்காத வாகனமோட்டியும் அங்கேயே புகார் செய்யலாம். ஆனால், ஒரே லயத்தில் வாழ்வோர் ஒருவர்மீது ஒருவர் புகார் செய்யும் நிலை நேராமல் காப்பதே சிறப்பு. நிருவாகம் நமக்கு எதைச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமோ, அதனை நம் மன்றத்திற்கு உழைப்பவருக்கு நாம் முதலில் செய்வோமாக.