வரி வழக்கில் ஜெயித்தால் வக்கீல் செலவு திரும்ப கிடைக்குமா?

ஸ்ரீபெரும்புதூர்:

வரி தகராறு என்றாலே இந்த பக்கத்து ஜனங்களுக்கு நோக்கியா ஞாபகம்தான் வரும். 2013-ல் வருமான வரித்துறை ரூ.2 ஆயிரம் கோடிக்கு மேல் கேட்டு, சொத்துக்களை முடக்கியது. ஆலையை விற்கவும் முடியவில்லை. 2014 நவம்பர் 1-ந்தேதி உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். கடைசியில் 2018-ல் இந்தியா, பின்லாந்து அரசுகள் பேசி சுமார் ரூ.1,600 கோடியில் விவகாரத்தை முடித்தன.

பெரிய கம்பெனி என்றால் வக்கீல் படையே வைக்கும். ஒரகடத்தில் ஷிப்டு பார்க்கும் தொழிலாளிக்கு நோட்டீஸ் வந்தால்?

வருவது உண்டு. சம்பளத்தில் வரியை பிடித்த காண்டிராக்டர் அதை அரசுக்கு கட்டாமல் விட்டால், நோட்டீஸ் என்னவோ தொழிலாளிக்குத்தான் வரும். ஒருமுறை பிடித்த வரியை அவரிடமே மறுபடி கேட்கக்கூடாது என்கிறது 1961 வருமான வரி சட்டத்தின் 205-வது பிரிவு. சம்பள சீட்டும், பேங்க் பாஸ்புக்கும் கையில் இருந்தால் வாதாடலாம். (2026 ஏப்ரல் 1-ந்தேதிக்கு முந்தைய வருமானத்துக்கு இந்த பழைய சட்டம்தான்.)

முதல் அப்பீலுக்கு கட்டணம் ரூ.250 முதல் ரூ.1,000 வரைதான். ஆனால் ஆடிட்டர் பீஸ், டைப்பிங், லீவு போட்டு சென்னைக்கு அலைவது, அதுதான் ஆளை சாய்க்கும்.

இந்த செலவை துறையிடம் கேட்கலாமா? அடுத்த கட்டமான அப்பீல் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். தருவதும் தராததும் தீர்ப்பாயத்தின் விருப்பம் என்கிறது 254(2பி) பிரிவு. சிவில் வழக்கில் ஜெயித்தவருக்கு நியாயமான நிஜ செலவு கிடைக்க வேண்டும், வக்கீல் பீஸ், டைப்பிங், போக்குவரத்து எல்லாம் அதில் அடங்கும் என்று 2005-ல் சேலம் வக்கீல் சங்க வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. நடைமுறையில் பல தீர்ப்புகள் 'செலவுத்தொகை இல்லை' என்றுதான் முடிகின்றன. கேட்காமல் விட்டால் சுத்தமாக கிடைக்காது. அப்பீல் மனுவிலேயே செலவுத்தொகை வேண்டும் என்று எழுதி, ரசீதுகளை சேர்த்து வைக்க வேண்டும்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே வரித்துறை போதிய நியாயம் இல்லாமல் வழக்காடி தோற்றால், நியாயமான செலவை தர தனி சட்டப்பிரிவே இருக்கிறது. அரசுக்கு எதிரான வேறொரு வழக்கில், வக்கீலின் உதவியாளர் பார்த்த வேலைக்கும் மார்க்கெட் ரேட்டில் பீஸ் உண்டு என்று 2008-ல் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

நம்மூரில் பலருக்கு தெரியாத விஷயம் ஒன்று. 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டத்தின் 12-வது பிரிவுப்படி ஆலை தொழிலாளிக்கு இலவச சட்ட உதவி உண்டு. வருமானம் எவ்வளவு என்ற கேள்வி இல்லை. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் அப்படியே. வழக்கில் முகாந்திரம் இருந்தால் போதும். தீர்ப்பாயங்களும் இதில் அடங்கும். கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். மனு எழுத தடுமாறினால் அங்குள்ள சட்ட தன்னார்வலர்கள் கைகொடுப்பார்கள், அவர்களுக்கு காசு தர வேண்டாம். போனில் கேட்க 15100.