ஆரோவில்லின் நான்கு மொழிகள்

மரக்காணம் உப்பளங்களைக் கடந்து கடலோரமாய்ப் புதுவை நோக்கிச் செல்வோருக்கு, நகரை நெருங்குமுன் வலப்புறம் மரங்கள் அடர்ந்த செம்மண் மேடு தென்படும். அதுவே ஆரோவில். பிரெஞ்சு மொழியில் ‘ஓரோர்’ என்பது விடியல். ‘வில்’ என்பது நகர். அரவிந்தரின் பெயரும் அதில் ஒலிக்கின்றது.

1968 பிப்ரவரி 28 அன்று, 124 நாடுகளின் மண் தாமரை மொட்டு வடிவான தாழியில் இடப்பட்டு இந்நகர் தொடங்கப்பெற்றது. ‘அன்னை’ எனப்பட்ட மிர்ரா அல்ஃபாசா சாசனத்தைப் பிரெஞ்சில் வாசித்தார்; அன்று அது 16 மொழிகளில் ஒலித்தது. பின்னர் தமிழ், பிரெஞ்சு, சமஸ்கிருதம், ஆங்கிலம் என்னும் நான்கும் ஆரோவில்லின் மொழிகளாயின.

அங்குள்ள இடப்பெயர்களிலேயே இம்மொழிகளைக் காணலாம். இடையஞ்சாவடி, குயிலாப்பாளையம், கோட்டக்கரை ஆகியவை பழந்தமிழ்ச் சிற்றூர்கள். ‘பிரோமெஸ்’ பிரெஞ்சு, ‘மாத்ரி மந்திர்’ சமஸ்கிருதம்.

ஆனால் ஏட்டில் நான்கும் சமமாயினும், வாழ்வில் அவ்வாறில்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட நாட்டினர் வாழும் அவ்விடத்தில், கூட்டங்களும் அறிவிப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. தோட்டத்திலும் சமையற்கூடத்திலும் கட்டட வேலையிலும் தமிழே வழங்குகின்றது. வேலைக்கு வரும் சிற்றூரார் பிழைப்பின் பொருட்டு ஆங்கிலம் கற்கின்றனர். வெளிநாட்டினருள் தமிழை ஆர்வமுடன் கற்றோரும் உளர்; எனினும் கற்காமலே அங்கு வாழ்நாளைக் கழித்துவிட இயலும். தேவை யாருக்கோ, அவரே மற்றவர் மொழிக்குக் கடந்து செல்கின்றார். மொழிகளுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வு இதுவே.

இது ஆரோவில்லுக்கு மட்டும் உரியதன்று. தென்னாப்பிரிக்கா நாற்புறமும் சூழ்ந்த லெசோத்தோ என்னும் சிறு நாடு 1966-இல் விடுதலை பெற்றது. மக்களுள் மிகப் பெரும்பாலோரின் தாய்மொழி செசோத்தோ, அது ஆட்சிமொழியுமாம். ஆயினும் உயர்கல்விக்கும் உத்தியோகத்துக்கும் ஆங்கிலமே வாயில். சட்டம் ஒரு மொழிக்கு இடம் தரலாம். அதனைப் பேச வைப்பது அன்றாடத் தேவையும் அன்புமே.

அன்பு வாசகர்களே! நம் இல்லங்களைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். பிள்ளைகள் ஆங்கிலம் கற்பது நன்று; அது உணவுக்கு வழி காட்டும். ஆனால் பாட்டியின் கடிதத்தை வாசிக்கத் தெரியாத பேரன் எவ்வளவு கற்றும் ஒன்றை இழந்தவனே. பள்ளி ஆங்கிலம் தரட்டும். தமிழை வீடு தரட்டும். நாள்தோறும் உணவு வேளையில் தமிழில் உரையாடுங்கள். ஒரு பக்கமேனும் வாய்விட்டு வாசிக்கச் செய்யுங்கள். அவ்வாறே, பிழைப்பு நாடி நம் ஊருக்கு வரும் பிறமொழியாளரிடம் அவர் மொழியில் நான்கு சொற்களேனும் பேசக் கற்போம். எப்போதும் அவரே கடந்து வரவேண்டும் என எதிர்பார்ப்பது முறையன்று.