சிறுநீரக மாற்றுக்குப் பின் உயர் இரத்த அழுத்தம்: கொடையாளர் மரபும் பெறுநர் மரபும்

முன்னுரை

மாற்றுச் சிறுநீரகம் பெற்றோருள் பெரும்பான்மையினர்க்கு உயர் இரத்த அழுத்தம் தொடர்கிறது அல்லது புதிதாகத் தோன்றுகிறது. இது பொருத்தப்பட்ட உறுப்பின் ஆயுளைக் குறைப்பதோடு இதய நோய்க்கும் வழிகோலுகிறது. கடலூர், சிதம்பரம் பகுதியினர் புதுச்சேரி ஜிப்மரிலோ சென்னையிலோ அறுவை செய்துகொண்டாலும், அழுத்தத்தை அளந்து மருந்து எழுதும் பொறுப்பு நாளடைவில் உள்ளூர் மருத்துவரிடமே வந்து சேர்கிறது. மாற்றுக்குப் பின் ஓர் உடலில் இருவரது மரபணுத் தொகுதிகள் இயங்குகின்றன என்பதே இங்குக் கருதத்தக்கது. கல்லீரலும் இரத்தக் குழாய்களும் பெறுநருடையவை. உப்பை வெளியேற்றும் உறுப்போ கொடையாளருடையது.

அழுத்தம் யாருடன் செல்கிறது?

1970களில் லூயிஸ் டால் உப்பால் அழுத்தம் உயரும் எலிகளையும் உயராத எலிகளையும் வளர்த்து, அவற்றின் சிறுநீரகங்களை இடம் மாற்றிப் பொருத்தினார். அழுத்தம் பெரிதும் சிறுநீரகத்தைத் தொடர்ந்தே சென்றது. 1983இல் கர்டிஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு மனிதரிடத்தும் இதனைக் காட்டிற்று. உயர் அழுத்தத்தால் சிறுநீரகம் இழந்த அறுவர், இயல்பான அழுத்தமுடையோரின் உறுப்பைப் பெற்றபின் தாமும் இயல்பு நிலையை அடைந்தனர். அறுவர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் எலி ஆய்வோடு அது பொருந்தி நிற்கிறது.

நம் சூழலில் இதன் பொருள் ஆழமானது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் நெருங்கிய உறவினரையே முதன்மைக் கொடையாளராக ஏற்கிறது. இந்தியாவில் அவர்களுள் பெண்களே மிகுதி. தாயின் சிறுநீரகம் மகனுக்குப் பொருந்துவதற்குக் காரணமான அதே மரபுறவு, குடும்பத்தின் அழுத்தப் போக்கையும் உடன் கொணரக்கூடும். முப்பது வயதுத் தம்பியின் அழுத்தம் இன்று இயல்பாக இருப்பது நாளைக்கு உறுதியன்று. எனவே குடும்ப நோய் வரலாற்றைக் கொடையாளரிடமும் விரிவாகக் கேட்டறிதல் வேண்டும். இதற்கு ஆய்வகச் செலவு எதுவும் இல்லை.

மருந்தும் மரபணுவும்

டாக்ரோலிமஸ் மருந்தைச் சிதைக்கும் நொதிகளுள் ஒன்றை சிஒய்பி3ஏ5 மரபணு தருகிறது. நொதி செயற்படுவோர்க்கு வழக்கமான தொடக்க அளவைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தேவைப்படலாம். அளவு குறைந்தால் உறுப்பு நிராகரிக்கப்படலாம். மிகுந்தால் நச்சுத்தன்மையும் அழுத்தமும் கூடும். கல்லீரலிலும் குடலிலும் பெறுநரின் மரபணுவும், சிறுநீரகத்தில் கொடையாளரின் மரபணுவும் இச்சிதைவை நிகழ்த்துகின்றன. ஆதலின் ஒருவரை மட்டும் சோதிப்பது அரைகுறையே. ஏபிஓஎல்1 மரபணுவின் இடர் வடிவங்கள் ஆப்பிரிக்க மரபினர்க்கு உரியவை. அமெரிக்க முடிவுகளை அப்படியே நமக்குப் பொருத்தல் தகாது.

டாக்ரோலிமஸ், சிறுநீரக நுண்குழலில் சோடியம்-குளோரைடைத் திரும்ப உறிஞ்சும் கடத்தியைத் தூண்டுகிறது என எலிகளில் 2011இல் கண்டறியப்பட்டது. கருவாடும் ஊறுகாயும் அன்றாடம் புழங்கும் கடலூர்க் கரையோரத்தில் இது பொருட்படுத்தத்தக்க செய்தி. அக்கடத்தியைத் தடுக்கும் குளோர்தாலிடோன், டாக்ரோலிமஸ் உட்கொள்வோரிடம் அம்லோடிபினுக்கு இணையாக அழுத்தத்தைக் குறைத்ததை 2017இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு காட்டியது.